பைக், கார், சாதனை வண்டி, அணி நிர்வாகம்: பியெரோ தருஃபி தொடாதது என்ன?

கேள்வி இதுதான்: "இத்தாலியப் பந்தய ஓட்டுநர்களில் எல்லா வகை வண்டியிலும் கைதேர்ந்தவர் என்று யாரைச் சொல்லலாம்? பியெரோ தருஃபி பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் ஃபார்முலா 1-இல் அவர் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம், அதுவும் அன்றைய முன்னணி ஓட்டுநர் அஸ்காரி ஊரில் இல்லாத அன்று. கடைசியாக ஜெயித்த மில்லே மிக்லியா என்ற நெடுஞ்சாலைப் பந்தயமும் சக ஓட்டுநர் விட்டுக்கொடுத்தது என்கிறார்கள். அப்புறம் எதற்கு இவ்வளவு புகழ்?"

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். யார் வேகமானவர் என்று கேட்டால் தருஃபி இல்லை. அந்த இடம் தாட்ஸியோ நுவொலாரிக்கோ ஆல்பர்ட்டோ அஸ்காரிக்கோ போகட்டும். பைக்கில் தொடங்கிக் காருக்கு வந்தவர் என்பதும் தனிப்பெருமை ஆகாது. நுவொலாரி அப்படி வந்தவர், அகில்லே வார்ட்ஸி அப்படி வந்தவர், அஸ்காரியும் இளமையில் பைக் ஓட்டியவர்தான். அந்தக் காலத்து இத்தாலியில் கார் வாங்க வசதியில்லாத இளைஞனுக்கு அதுதான் வழி. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பைக்கை விட்டுவிட்டு முழுதாகக் காருக்கு மாறினார்கள். தருஃபி விடவில்லை. பைக்கை ஓட்டினார், அதை வடிவமைப்பவர்களோடு உட்கார்ந்து மெருகேற்றினார், அதில் உலக வேகச் சாதனை செய்தார், பிறகு பைக் அணியை நிர்வகித்தார். நடுநடுவே கிராண்ட் பிரீ, மலைப்பாதைப் பந்தயம், நெடுஞ்சாலைப் பந்தயம், வேகச் சாதனைக்கென்றே சொந்தமாக வரைந்த வண்டி. 50 வயதில் ஓய்வு பெற்றபோது இத்தனையும் கணக்கில் இருந்தன. என் பார்வையில் இதற்குக் காரணம் துணிச்சலைவிட அவருடைய பொறியியல் படிப்புதான். எந்த வண்டியைக் கொடுத்தாலும் அவருக்கு அது தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு.

பிறந்தது 1906 அக்டோபர் 12, ரோமில். பொறியியல் பட்டம் பெற்றவர். இத்தாலியில் பட்டம் பெற்ற பொறியாளரைப் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைச் சேர்த்து அழைப்பது வழக்கம், தருஃபியையும் பந்தய உலகம் அப்படியே அழைத்தது. 1920-களில் பைக் பந்தயங்களில் பெயர் வாங்கினார். 1932-இல் நார்டன் பைக்கில் 500 சி.சி. பிரிவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். இன்றைய சாம்பியன்ஷிப்போடு இதை ஒப்பிடக் கூடாது. அப்போது ஐரோப்பியப் பட்டம் ஆண்டு முழுக்க ஓடிச் சேர்க்கும் புள்ளிகளால் முடிவாகவில்லை, ஒரே ஒரு பந்தயத்தில் முடிந்தது. அந்த ஆண்டு அது நடந்தது ரோமில், அதாவது அவருடைய சொந்த ஊரில்.

இதே காலத்தில் என்ஸோ ஃபெராரியின் அணியிலும் கார் ஓட்டினார். அன்றைக்கு ஃபெராரி என்பது கார் தயாரிக்கும் நிறுவனம் அல்ல, ஆல்ஃபா ரோமியோ கார்களை வைத்துப் பந்தயம் ஓட்டிய ஓர் அணி. நுவொலாரி, வார்ட்ஸி போன்றவர்கள் உச்சத்தில் இருந்த நேரம், அவர்களுக்கு நடுவே இடம் பிடிப்பது எளிதில்லை. 1934 மில்லே மிக்லியாவில் 1,100 சி.சி. மசராட்டியை வைத்துக்கொண்டு ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். முன்னால் வந்த கார்களின் எஞ்சின் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது என்பதைப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

அதே 1934-இல் திரிப்போலி கிராண்ட் பிரீயில் பெரிய விபத்து. அவர் ஓட்டியது மசராட்டியின் 16 சிலிண்டர் கார். இரண்டு எட்டு சிலிண்டர் எஞ்சின்களை அக்கம்பக்கமாக வைத்துக் கட்டிய அரக்கன் அது. ஓடத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. திரிப்போலியின் மெல்லாஹா சுற்றுப்பாதையோ அந்தக் காலத்தில் மிக வேகமான பாதைகளில் ஒன்று. கார் பாதையை விட்டு விலகி விளம்பரப் பலகையில் மோதியது, தருஃபி தூக்கி எறியப்பட்டுப் பலத்த காயம் அடைந்தார். அதே பாதைக்கு மறு ஆண்டு பைக்கோடு போனார், ஜெயித்தார். அந்த பைக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அதன் பெயர் ரொந்தீனே. கார்லோ ஜியானீனி, பியெரோ ரெமோர் என்ற இரு பொறியாளர்கள் 1920-களிலேயே நான்கு சிலிண்டர் பைக் எஞ்சின் ஒன்றை வரையத் தொடங்கியிருந்தார்கள். பலர் கைமாறி, கோமகன் ஜியோவானி பொன்மார்த்தீனியின் நிறுவனத்தில் அது முழு வண்டியாக உருப்பெற்றது. நான்கு சிலிண்டர்கள் வரிசையாக, சட்டத்துக்குக் குறுக்காக, முன்னோக்கிச் சாய்ந்து நின்றன. தண்ணீரால் குளிரூட்டல், மேலே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர். 500 சி.சி. பைக்குகள் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டரோடு ஓடிக்கொண்டிருந்த 1930-களில் இது வேறு உலகத்து இயந்திரம். எஞ்சினைக் குறுக்காக நான்கு சிலிண்டரோடு வைக்கும் இந்த அமைப்புதான் பிற்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் கையில் பெரிய பைக்குகளின் பொது இலக்கணம் ஆனது. 1969-இல் வந்த ஹோண்டா சி.பி.750-ஐப் பார்த்து வியந்தவர்களில் பலருக்கு இதே அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் ஓடியது தெரியாது.

இந்த ரொந்தீனேக்கு ஓட்டுநரும் தருஃபி, சோதனை செய்து குறை சொல்லும் பொறியாளரும் தருஃபி. 1935 திரிப்போலியில் அவர் முதலிடம், அதே வண்டியில் அமில்கரே ரொஸ்ஸெத்தி இரண்டாமிடம். பிறகு நிறுவனம் கைமாறி, வடிவமைப்பு கிலேரா நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தபோது, வண்டியோடு தருஃபியும் போனார்.

1937 அக்டோபர் 21. பெர்கமோவுக்கும் பிரெஷ்யாவுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் கிலேராவை வைத்து மணிக்கு 274.18 கி.மீ. எட்டினார். இருசக்கர வண்டிக்கு அதுதான் அன்றைய உலகச் சாதனை. அதற்கு முன் சாதனை ஆங்கிலேயர் எரிக் ஃபெர்னிஹஃப் கையில் இருந்தது, 273.24 கி.மீ. அதாவது, ஆயிரம் சி.சி. எஞ்சினை வைத்து ஃபெர்னிஹஃப் செய்ததை 500 சி.சி.யில் தாண்டினார். சூப்பர்சார்ஜர் பாதி வேலையைச் செய்தது. மீதிப் பாதி காற்றைக் கிழிக்கும் உறை. வண்டியை முன்பின் முழுக்க மூடிய உலோக ஓடு அது. இதில் ஓர் ஆபத்து உண்டு. திறந்த பைக்கில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் பெரும்பகுதி இடுக்குகள் வழியே போய்விடும். முழுதாக மூடியதில் ஓடு முழுக்க அந்தக் காற்றை வாங்கிக்கொள்ளும், 270 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு முழம் விலகினாலும் திருப்ப நேரம் இருக்காது. சாதனை ஓட்டங்கள் விடியற்காலையில் காற்று அடங்கிய நேரத்தில் நடப்பதற்கு இதுதான் காரணம். தருஃபியின் சாதனை ஐந்து வாரத்துக்குச் சற்று மேல்தான் நின்றது. நவம்பர் 28-இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹென்னே பி.எம்.டபிள்யூவில் 279.5 கி.மீ. போனார், அதை முறியடிக்க 1951 வரை ஆள் வரவில்லை.

போர் முடிந்ததும் தூரின் நகரத்துச் சிறு நிறுவனமான சிசிட்டாலியாவின் ஒற்றை இருக்கைக் கார்களை ஓட்டினார். அப்புறம் கிலேரா பைக் அணியின் நிர்வாகப் பொறுப்பு. சூப்பர்சார்ஜர் போருக்குப் பின் தடை செய்யப்பட்டதால் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் பழைய ரெமோர்தான். அந்த கிலேரா 1950-லும் 1952-லும் உம்பெர்த்தோ மஸெத்தியை உலக சாம்பியன் ஆக்கியது, 1953 முதல் 1955 வரை மூன்று ஆண்டுகள் ஆங்கிலேயர் ஜெஃப் டியூக்கையும். இத்தாலிய அணி ஒரு வெளிநாட்டவரை, அதுவும் எதிரணியான நார்டனின் நட்சத்திரத்தைக் கூட்டிவந்தது அன்றைக்குப் பெரிய பேச்சு. அந்த அணியின் பொறுப்பில் இருந்தவர் வார இறுதியில் ஃபெராரியில் கிராண்ட் பிரீயும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு ஃபார்முலா 1 வீரர் மோட்டோஜிபி அணி ஒன்றின் மேலாளராகவும் இருந்தால் நம்புவோமா?

இந்த நேரத்தில்தான் பிசிலூரோ என்ற சாதனை வண்டி வந்தது. 1948-இல் முதல் வண்டி. பார்த்தால் கார் மாதிரியே இருக்காது. இரண்டு டார்பிடோக்களை அக்கம்பக்கமாக வைத்து நடுவில் குறுக்குச் சட்டங்களால் இணைத்ததுபோல் இருக்கும். ஒன்றுக்குள் ஓட்டுநர், மற்றொன்றுக்குள் எஞ்சின். ஒவ்வொரு டார்பிடோவின் முன்னும் பின்னும் ஒரு சக்கரம், அதுவும் உள்ளுக்குள் மறைந்து.

ஏன் இப்படி? சாதாரணக் காரில் ஓட்டுநரும் எஞ்சினும் அகலமான ஒரே உடலுக்குள் இருக்கிறார்கள், சக்கரங்களோ வெளியே துருத்துகின்றன. முன்னாலிருந்து பார்த்தால் காற்றில் மோதும் பரப்பு பெரிது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்கு. ஆகவே சின்ன எஞ்சினோடு பெரிய வேகம் வேண்டுமென்றால் முகப்பைச் சுருக்குவதுதான் முக்கிய வழி. பைக் உறையில் அவர் செய்ததும் அதுதான், ஆனால் பைக்கில் பக்கக்காற்றுப் பயம் இருந்தது. நான்கு சக்கரமும் வேண்டும், பைக்கின் ஒல்லி உடம்பும் வேண்டும். இரண்டு ஒல்லி உடம்புகளை இடைவெளி விட்டு வைத்தால், நடுவே காற்று தடையில்லாமல் போய்விடும். முதல் வண்டியில் பைக் எஞ்சின், அடுத்ததில் மசராட்டியின் நான்கு சிலிண்டர் எஞ்சின். இரண்டாவது வண்டி 1950-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 300 கி.மீ. வேகத்தைத் தொட்டுத் தன் பிரிவில் பல சாதனைகளை எடுத்தது. வளைவில் திரும்ப உதவாத வண்டிதான், நேர்சாலைக்கு மட்டும். அதைத் தெரிந்தே செய்தார்.

சரி, ஃபார்முலா 1-க்கு வருவோம். 1950-இல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கிய ஆண்டிலேயே இத்தாலியின் மொன்ஸா பாதையில் ஆல்ஃபா ரோமியோ அவரை இறக்கியது. பந்தயத்தின் நடுவே அணித்தோழரான அர்ஜென்டினாக்காரர் ஃபான்ஜியோவின் கார் பழுதாக, தருஃபி இறங்கித் தன் காரை அவருக்குக் கொடுத்தார். அந்த நாளில் அது விதிப்படி செல்லும். அந்தக் காரும் பழுதானது வேறு கதை. 1951-இல் ஃபெராரியில், கொட்டும் மழையில் சுவிஸ் கிராண்ட் பிரீயில் ஃபான்ஜியோவுக்குப் பின்னால் இரண்டாமிடம்.

நீங்கள் சொன்ன அந்த ஒரே வெற்றி, 1952 மே 18 பந்தயமும் அதே சுவிட்சர்லாந்தில்தான், பெர்ன் நகரத்துக்கு அருகே பிரெம்கார்ட்டன் பாதையில். இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்கும், நேர்பகுதி என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, தவறு செய்தால் மரத்தில்தான் போய் நிற்க வேண்டும். அஸ்காரி அன்றைக்கு அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500-க்குத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் அங்கே 1950-இன் உலக சாம்பியன் ஃபரீனா இருந்தார், அதே ஃபெராரி 500 காரில், முதல் வரிசையின் முதல் இடத்தில். ஃபரீனாவின் காரில், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ பழுதானது. அணித்தோழர் ஆந்த்ரே சிமோனின் காரை வாங்கிக்கொண்டு மறுபடி துரத்தினார், அதிலும் மேக்னெட்டோ போயிற்று. தருஃபியின் மேக்னெட்டோ பிழைத்தது. இரண்டாவதாக வந்த ரூடி ஃபிஷருக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டரை நிமிடத்துக்கு மேல், பந்தயத்தின் மிக வேகமான சுற்றும் அவருடையதுதான். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஐரோப்பாவில் நடந்த மற்ற ஆறு சாம்பியன்ஷிப் பந்தயங்களையும் அஸ்காரியே அள்ளிக்கொண்டார். மீந்த ஒன்றை எடுத்தவர் 45 வயதான தருஃபி. அவரைவிட அதிக வயதில் உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ ஜெயித்தவர்கள் ஃபஜியோலி, ஃபரீனா, ஃபான்ஜியோ மூவர் மட்டுமே. ஆண்டு முடிவில் அஸ்காரி, ஃபரீனாவுக்கு அடுத்து மூன்றாமிடம்.

மொத்தம் 18 பந்தயங்கள், ஒரு வெற்றி, ஐந்து முறை முதல் மூன்றுக்குள். இதில் எனக்குப் பிடித்தது 1955. மெர்சிடிஸ் அணியின் ஹான்ஸ் ஹெர்மான் மொனாக்கோவில் காயமடைய, அந்த இடத்துக்குத் தருஃபியைக் கூப்பிட்டார்கள். இங்கிலாந்தின் ஐன்ட்ரீயில் ஸ்டிர்லிங் மாஸ், ஃபான்ஜியோ, கிளிங் ஆகியோருக்குப் பின்னால் நான்காவது. மொன்ஸாவில், புதிதாகக் கட்டிய சாய்தளப் பாதையில், ஃபான்ஜியோவுக்கு ஒரு விநாடிகூடப் பிந்தாமல் இரண்டாவது. வயது 48. அந்தக் காலத்தின் மிகக் கறாரான அணி, உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட வசதியுள்ள அணி, இவரைத்தான் கூப்பிட்டது.

ஆனால் தருஃபியின் அசல் களம் சுற்றுப்பாதை அல்ல, திறந்த சாலை. 1951 நவம்பரில் கரேரா பனமெரிக்கானா. மெக்சிகோவின் தென்கோடியில் துக்ஸ்ட்லா குத்தியெரெஸிலிருந்து அமெரிக்க எல்லையில் உள்ள சியுதாத் ஹுவாரெஸ் வரை, எட்டுக் கட்டங்களாக, 3,000 கி.மீ.க்கு மேல். வெப்பக் காட்டில் தொடங்கி மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி மறுபடி பாலைவனத்தில் இறங்கும் சாலை. உயரத்தில் காற்று மெலிந்துபோவதால் கார்புரேட்டரைச் சரியாக வைப்பதே தனிக் கலை. போட்டிக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் அமெரிக்க செடான்கள். தருஃபியும் லூயிஜி கினெத்தியும் ஓட்டியது இரண்டரை லிட்டர் சொச்சம் உள்ள ஃபெராரி 212. 21 மணி 57 நிமிடம் 52 விநாடியில் முதலாவதாக வந்தார்கள், அஸ்காரியும் வில்லோரெஸியும் இரண்டாவது. மெக்சிகோக்காரர்கள் நரைத்த தலையைப் பார்த்து அவரை வெள்ளி நரி என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெயர் கடைசி வரை நின்றது. அமெரிக்காவில் ஃபெராரி என்றால் என்னவென்று தெரிய வைத்ததில் இந்த வெற்றிக்குப் பெரிய பங்கு உண்டு. கினெத்திதான் பின்னாளில் அங்கே ஃபெராரியின் விற்பனையாளர்.

1953-இல் அதே பந்தயத்துக்கு லான்சியா அணியோடு போனார். லான்சியா முதல் மூன்று இடங்களையும் பிடித்தது: ஃபான்ஜியோ, தருஃபி, காஸ்தெல்லோத்தி. ஆனால் முன்னணியில் போய்க்கொண்டிருந்த அணித்தோழர் ஃபெலிச்சே பொனெத்தோ சிலாவோ என்ற ஊருக்குள் விபத்தில் இறந்தார். அவரோடு கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தவர் தருஃபிதான்.

1954-இல் லான்சியா டி24-இல் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை ஜெயித்தார். சிசிலித் தீவின் மதோனியே மலைகளில் 72 கி.மீ. சுற்றை எட்டு முறை. ஆறு மணி நேரத்துக்கு மேல், மாற்று ஓட்டுநர் இல்லாமல் ஒற்றை ஆளாக. ஒரு சுற்றில் நூற்றுக்கணக்கான வளைவுகள், மொத்தத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மறு ஆண்டு சிசிலித் தீவைச் சுற்றிவரும் பந்தயத்தை ஃபெராரியில் ஜெயித்தார். 1956-இல் நூர்பர்க்ரிங் 1,000 கி.மீ. பந்தயத்தை வென்ற மசராட்டியில் மாஸ், பெஹ்ரா, ஷெல் ஆகியோரோடு அவர் பெயரும் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் அவருக்குக் கைகூடாத ஒன்று மில்லே மிக்லியா. பிரெஷ்யாவில் கிளம்பி, ஏட்ரியாட்டிக் கரையோரமாகப் பெஸ்காரா வரை இறங்கி, மலையைக் கடந்து ரோம் போய், சியெனா, ஃப்ளோரென்ஸ், பொலோன்யா வழியாக மறுபடி பிரெஷ்யா. ஏறக்குறைய 1,600 கி.மீ., பொதுச் சாலை. 1954-இல் முன்னணியில் போனார், வெளியேறினார். 1955-இல் பெஸ்காராவில் ஸ்டிர்லிங் மாஸைவிடச் சில விநாடிகள் முன்னால் இருந்தார், பிறகு கார் பழுது. அன்றைக்கு மாஸ் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்ததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த வேகத்துக்கு அவரை விரட்டியவர்களில் தருஃபி ஒருவர் என்பதை யாரும் சொல்வதில்லை.

இனி 1957. மனைவி இசபெல்லாவிடம், இதை ஜெயித்தால் பந்தயத்தை விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஃபெராரி அணியில் பீட்டர் காலின்ஸ், அல்ஃபோன்ஸோ தெ போர்தாகோ, வோல்ஃப்காங் ஃபான் ட்ரிப்ஸ், தருஃபி. காலின்ஸ் பெரிய வித்தியாசத்தில் முன்னால் போய், பார்மா அருகே பின்பகுதி உடைந்து நின்றுவிட்டார். முதலிடம் தருஃபிக்கு வந்தது. ஆனால் அவருடைய காரில், எஞ்சின் திறனைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. மெதுவாகக் காரைத் தாலாட்டிக்கொண்டு வந்தவரை ட்ரிப்ஸ் எட்டிப் பிடித்தார். போ ஆற்றுச் சமவெளியின் நேர்சாலைகளில் இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். முதியவர் ஜெயிக்கட்டும் என்று என்ஸோ ஃபெராரி பொலோன்யாவில் ட்ரிப்ஸிடம் சொல்லியிருந்ததாகவும், அதனால் ட்ரிப்ஸ் முந்தாமல் பின்னாலேயே வந்ததாகவும் கதை.

கதையைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மில்லே மிக்லியாவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும், காரின் எண்ணே கிளம்பிய நேரம். தருஃபியின் எண் 535, அதாவது காலை 5.35. ட்ரிப்ஸின் எண் 532, காலை 5.32. ட்ரிப்ஸ் மூன்று நிமிடம் முன்னதாகவே கிளம்பியவர். ஆகவே சாலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், கணக்கில் தருஃபி மூன்று நிமிடம் முன்னால் இருக்கிறார். முடிவைப் பாருங்கள்: தருஃபி 10 மணி 27 நிமிடம் 47 விநாடி, ட்ரிப்ஸ் 10 மணி 30 நிமிடம் 48 விநாடி. கூட்டிப் பார்த்தால் தருஃபி கோட்டைத் தொட்டது மாலை 4 மணி 2 நிமிடம் 47 விநாடிக்கு, ட்ரிப்ஸ் ஒரே விநாடி கழித்து. ட்ரிப்ஸ் முந்தியிருந்தாலும், பிரெஷ்யாவுக்குள் மூன்று நிமிட இடைவெளி உண்டாக்கியிருக்க வேண்டும். தருஃபியின் கார் நின்றிருந்தால் முடியும். ஓடிக்கொண்டிருந்த வரை, கடைசிக் கட்டத்தில் அது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ட்ரிப்ஸ் பெருந்தன்மையாக இருந்தார் என்பதை நம்புகிறேன். வெற்றியைத் தூக்கிக் கொடுத்தார் என்பதை நம்பவில்லை. அதோடு, பழுதான டிஃபரன்ஷியலை உடைக்காமல் கடைசி வரை கொண்டுவந்தது ஒரு பொறியாளரின் கை என்பதும் உண்டு.

ஆனால் அன்றைய வெற்றியைக் கொண்டாட யாருக்கும் வாய்க்கவில்லை. பிரெஷ்யாவுக்குச் சற்று முன், குயிதித்ஸோலோ அருகே, தெ போர்தாகோவின் காரில் டயர் வெடித்தது. அவரும் உடன் வந்த எட்மண்ட் நெல்சனும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். அத்தோடு அசல் மில்லே மிக்லியா முடிந்தது.

தருஃபி சொன்னபடி நின்றுகொண்டார். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் பிரபல வார இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். மறுபடி உயிர் போவதற்குள் எங்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்ற பொருளில் தலைப்பு. திறந்த சாலைப் பந்தயத்தால் புகழ் பெற்றவர், கடைசிப் பந்தயத்தின் வெற்றியாளர், அவரே அதை நிறுத்தச் சொன்னார். அந்தப் பந்தயத்தின் மரபை நேசித்த பலருக்கு இது கசந்திருக்கும். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. கார்களின் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று, சாலையும் ஓரத்தில் நிற்கும் கூட்டமும் அப்படியே இருந்தன. இந்தக் கணக்கைப் போட அவரைவிடத் தகுதியானவர் யார்?

பந்தய ஓட்டத்தின் நுட்பத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அதற்கு முன் பெரும்பாலான ஓட்டுநர்களிடம் வளைவை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால், உள்ளுணர்வு என்பார்கள். தருஃபி படம் போட்டுக் கணக்கோடு விளக்கினார். டயரின் பிடிமானம் மாறாதபோது, வளைவில் போகக்கூடிய வேகம் வளைவின் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சாலையின் வெளியோரத்தில் நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்தில் வெளியேறினால் ஆரம் பெரிதாகும். ஆரம் இரண்டு மடங்கானால் வேகம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். இன்றைக்கு கோ-கார்ட் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். இதை ஜெயித்துக் காட்டியவரே எழுதிவைத்தது அன்றைக்குப் புதிது.

1988 ஜனவரியில், 81 வயதில், ரோமில் இறந்தார். அவர் தலைமுறையின் பந்தய ஓட்டுநர்கள் எத்தனை பேர் முதுமையைப் பார்த்தார்கள் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். அஸ்காரி, பொனெத்தோ, காஸ்தெல்லோத்தி, காலின்ஸ், ட்ரிப்ஸ், இந்தப் பதிலில் வந்த இத்தனை பேரும் காரிலேயே போனவர்கள். மகள் பிரிஸ்காவும் ரேலி ஓட்டுநர் ஆனார். ரோமுக்கு வடக்கே உள்ள வல்லேலுங்கா பந்தயத் திடலுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். வித்தெர்போ அருகே பான்யோரெஜியோ என்ற சிற்றூரில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

கடைசியாக, பிசிலூரோ படம் தேடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் 1955 லெ மான் பந்தயத்தில் ஓடிய சிவப்பு வண்டியாக இருக்கும். அது நார்தி நிறுவனத்துக் கார், மிலான் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பந்தயத்தில் பெரிய கார் ஒன்று கடந்துபோன வேகக்காற்றில் சாலையை விட்டே தள்ளப்பட்டது. தருஃபியின் வண்டிகளுக்குத் தார்ஃப் என்று பெயர். அந்தப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.